இறக்கி வைத்த சுமை

என் மனைவி ஸ்ரீகலாவுக்கு ஏழாம் மாதச் சடங்கு முடிந்து, மலையடிவாரத்தில் இருக்கும் அவள் தாய்வீட்டுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். உதியன்குளங்கரையிலிருந்து கிழக்கே திரும்பி, ரப்பர் தோட்டங்கள் தீர்ந்து காடு தொடங்கும் இடத்தில், மகாராஜா காலத்து வழித்தாவளம் ஒன்று உண்டு. தலைச்சுமையோடு மலையிறங்கியவர்கள் இளைப்பாறிய இடம். இப்போது சிமெண்ட் பெஞ்சு போட்டு, சுற்றுலா வருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடமாக்கியிருக்கிறார்கள்.

சாப்பிட அங்கே காரை நிறுத்தினேன். மத்தியானம் ஒரு மணிக்கே மழை இருட்டு. பெஞ்சுகள் நனைந்து கிடந்தன. ஓரத்தில் ஒரு சுமைதாங்கி, இரண்டு தூணும் மேலே குறுக்கே ஒரு கல்லுமாக, பாதி மண்ணில் புதைந்து இடுப்பளவுக்கு நின்றது. மூன்று நாள் மழையில் அது மட்டும் காய்ந்திருந்தது. நான் அதை யோசிக்கவேயில்லை. எனக்குப் பசி.

"நடு முதுகு நோவுது அத்தான். இதுல கொஞ்சம் சாயட்டா?"

"சாயேன். அதுக்குத்தானே கல்லு."

நான்தான் சொன்னேன். என் நாக்கை அறுத்துப் போடவேண்டும்.

வயிற்றைக் கல்மேல் தாங்க வைத்துக்கொண்டு அவள் பெருமூச்சு விட்டாள். "என்ன சுகம் தெரியுமா! கனமே இல்ல."

காதைத் துளைத்துக்கொண்டிருந்த பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

அவள் முகம் வெளுத்தது.

"அத்தான்... பிள்ளை அனங்கல, அசைவே இல்ல."

சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் சட்டையில் புஷ்பபாய் என்று பெயர் அட்டை தொங்கியது. "அய்யோ மக்கா, அதுலயா சாஞ்சா? வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்கு நட்ட கல்லாக்கும். பொதி இறக்கி வச்சவங்ககூட அவகிட்ட கேட்டுட்டுதான் திரும்ப எடுப்பாவ!"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஸ்ரீகலாவின் வயிற்றில் காதை வைத்தேன். தினமும் ராத்திரி அப்படி வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன்.

ஒன்றுமில்லை.

பிறகு, ஏனென்று தெரியாது, கல்லில் காதை வைத்தேன்.

உள்ளே துடித்தது.

"கேளு மக்கா," என்று புஷ்பபாய் கிசுகிசுத்தாள். "சீக்கிரம் கேளு."

சேற்றில் மண்டியிட்டேன். "அம்மா, எங்க பிள்ளையைத் தந்துரு." துடிப்பு தள்ளிப்போனது. "தந்துரு அம்மா!" இன்னும் தள்ளி, இன்னும் அடியில். ஆஸ்பத்திரி நாற்பது நிமிஷம். ஸ்ரீகலா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது.

"உன் சுமையையும் நாங்க சுமக்குறோம்! பிள்ளையைத் தா!"

புஷ்பபாய் என் வாயைப் பொத்தினாள். "எலே பாவி, என்ன சொல்லிப்போட்ட!"

பிரசவம் நடந்த வீட்டின் வாசனை, மஞ்சளும் எண்ணெயும் ரத்தமும் கலந்து, கல்லுக்கடியிலிருந்து எழுந்து வந்தது. ஸ்ரீகலா அலறிக்கொண்டு குனிந்தாள்.

"கனக்குது அத்தான்! உதைக்குது!"

பிள்ளை கிடைத்துவிட்டது. அது போதும். கார் ஓட்டும்போது சத்தம் போட்டு அழுதேன், வெட்கமே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சிரித்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. இரட்டைன்னு முன்னாடியே சொல்லியிருப்பாங்களே?"

போன மாத ரிப்போர்ட்டை நீட்டினேன். ஒரே ஒரு பிள்ளை. அவர் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. பெரிய டாக்டரைக் கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து போனார்.

ஸ்ரீகலா என் கையை எடுத்துத் தன் வயிற்றின் இடது பக்கம் வைத்தாள். சூடாக இருந்தது, ஒரு பிஞ்சுக்கால் உதைத்தது. பிறகு வலது பக்கம் நகர்த்தினாள். விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர். அங்கும் உதைத்தது.

கையை இழுத்துக்கொண்டேன். அவள் அந்த இடத்தைச் சேலையால் மூடி, மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"இவளுக்கு ரொம்பத் தணுக்குது அத்தான்," என்றாள். "ஒரு போர்வை வாங்கிட்டு வாங்க."