முதல் மிதி

ஞாயிறு, காலை 7.40. கரடுமுரடான மலைச் சரிவின் அடியில் பைக் குப்புறக் கிடந்தது. அதை ஓட்டி வந்தவன் பத்தடி தள்ளி, பாறையோரம் கிடந்தான். உயிர் இல்லை. பின்னாலேயே வேனில் வந்த உதிரிபாகக் கடைக்காரர்தான் முதலில் பார்த்து, போன் செய்து, ஆட்களைக் கூட்டியவர். மழை பிடித்துக்கொண்டதால் பைக்கைக் கயிறு கட்டி ஏற்றித் தன் ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டவரும் அவரே. விபத்துதானே என்று யாரும் தடுக்கவில்லை.

திங்கள், காலை 9.10. ஷெட்டில் மூன்று பேர். பெண் இன்ஸ்பெக்டர், கடைக்காரர், இறந்தவனின் அண்ணன். அண்ணன் மெக்கானிக். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பைக்கின் பின் பிரேக்குக்கு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற புது பேட் மாட்டிக் கொடுத்தவன்.

"நேத்துலேருந்து யாராவது வண்டியைத் தொட்டீங்களா?"

"இறக்கிப் போட்டதோட சரி மேடம். பார்க்கவே மனசு வரலை" என்றார் கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து பின் பிரேக் பெடலைக் கையால் அழுத்தினார். அது எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போனது. இரண்டாவது முறை பாதியில் நின்றது. நான்காவது முறை கல்லாக இறுகியது.

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. "நான்தான் மேடம். என் தம்பியை நானே கொன்னுட்டேன்."

புது பேட் தடிமனாக இருக்கும். அதற்கு இடம் கொடுக்க, பேடைத் தாங்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். வேலை முடிந்ததும் நாலைந்து தடவை பெடலை மிதித்தால்தான் பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடும். மிதிக்காமல் வண்டியைக் கொடுத்தால் முதல் மிதி வெறும் மிதி. சரளைக்கல் சரிவில் முன் பிரேக்கை அழுத்தினால் தலைகுப்புறத்தான். பின் பிரேக்தான் உயிர்.

"மிதிச்சுப் பார்த்தீங்களா இல்லையா?"

"ஞாபகம் வரலையே மேடம்!"

எப்படி வரும்? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி ஓடிவருகிறோமே, அந்தக் கதைதான். கை தினமும் செய்கிற வேலை மனதில் தங்குவதில்லை.

"யானைக்கும் அடி சறுக்கும். அவனைத் திட்டாதீங்க மேடம்" என்று கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பேடைக் கழற்றச் சொன்னார். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. டிஸ்க்கில் மட்டும் வட்டம் வட்டமாக ஆழமான கீறல்கள். அதன்மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றிலிருந்து மெக்கானிக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்பானரை எடுத்தால் முதுகுக்குப் பின்னால் தம்பியின் மூச்சு கேட்டது. "அண்ணே, மிதிச்சியா?" என்று பட்டப்பகலில், காதோரம், அதே குரல். திரும்பினால் மாட்டி வைத்த டயர்கள்தான். மற்றவர்களின் வண்டிகளை ஐம்பது தடவை மிதித்துப் பார்த்தான். துக்கம் கேட்கப் போனவனைத் தம்பி மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். "உங்க முகத்துல முழிக்க முடியலை மாமா" என்று கதவைச் சாத்தினாள்.

புதன், காலை 11.00. மெக்கானிக் கடைக்கு இன்ஸ்பெக்டர் தம்பி மனைவியையும் கடைக்காரரையும் வரவழைத்திருந்தார்.

"மலையடிவார கேட் காவலாளியைப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை உங்க தம்பி அவர் முன்னாடி பின் சக்கரத்தை லாக் பண்ணி, வண்டியை அரைவட்டம் சுத்திக் காட்டியிருக்கார். கேட் கூரைக்கு அடியில மழை படாத மண்ணுல தடம்கூட இருக்கு. வீட்டுலேருந்து அந்த கேட் பதினெட்டு கிலோமீட்டர். அப்போ பிரேக் நல்லாத்தான் பிடிச்சிருக்கு."

"பிறகு எப்படி மேடம் பெடல் வெறுமையாப் போச்சு?" என்றான் மெக்கானிக்.

"பதினெட்டு கிலோமீட்டர் புழுதியில பிடிச்ச பேட்ல ஒரு கோடுகூட விழாதா? டிஸ்க்ல கீறல் இருக்கு, கீறினது எங்கே? நீங்க மாட்டினது வேற பேட். சரிவுல அதோட உராயும் பாகம் தகட்டை விட்டுப் பிஞ்சுபோச்சு. வெறும் தகடு டிஸ்க்கைக் கீறியிருக்கு. போலிச் சரக்கு. வித்தவர் இவர். வண்டியைத் தூக்கும்போது அதைப் பார்த்திருக்கார். ஷெட்டுல வச்சு, நல்ல பேடா ஒண்ணு மாட்டிட்டார்."

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க! நான் மாத்தினதுக்கு என்ன சாட்சி?" கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"நீங்க மறந்த மிதிதான் சாட்சி. பேட் மாத்தினவன் மிதிக்கணும். ஆனா ஓடாத வண்டிக்கு யார் பிரேக் மிதிச்சுப் பார்ப்பாங்க? திங்கட்கிழமை முதல் மிதி நான்தான் மிதிச்சேன். அது வெறுமையாப் போச்சு. இந்த அண்ணன் மறந்திருந்தா, இவர் தம்பியே தெருமுனையில நாலு தடவை மிதிச்சு இறுக்கியிருப்பார். கடைசியா பேட் மாத்தினவன் எவனோ, அவன்தான் மறந்தவன். காலையில உங்க வேனைச் சோதிச்சோம். சீட்டுக்கு அடியில சாக்குல சுத்தின தகடு ரெண்டும் கிடைச்சாச்சு."

கடைக்காரர் மெல்ல உட்கார்ந்தார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் அவர்தான். கான்ஸ்டபிள் அவரை அழைத்துப் போனார்.

"சரிவுல என் தம்பி மிதிச்சிருக்கான், இல்லையா மேடம்?" மெக்கானிக்கின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மிதிச்சிருக்கார். விடாம மிதிச்சிருக்கார்."

மெக்கானிக் பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். மூன்று நாளாகத் தம்பியைக் கொன்றவனாக மட்டும் இருந்தான். கொன்றவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவான்? இப்போதுதான் அவனுக்குத் தம்பி செத்துப்போனான். வாயைப் பொத்தியும் அடங்காமல் ஓவென்று அழுதான். தம்பி மனைவி எழுந்து வந்து, எண்ணெய்க்கறை படிந்த தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுங்க மாமா, என்கூட உட்கார்ந்து அழவும் ஆள் இல்லாமத்தான் இருந்துச்சு" என்றாள்.