வேலிக்குள் ஒத்திகை

ஓநாயும் நாயும் கலந்த அந்தக் குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே, யாரோ வேலிக்கு உள்ளேயிருந்து வெளியே தோண்டியிருந்தார்கள். மண் உள்பக்கமாகக் குவிந்து கிடந்தது. குழியின் ஓரத்தில் விரல் தடங்கள். ஒரு தடத்தில் மோதிரம் அழுத்திய வடு. அது தன் கணவன் ராய்ஸின் விரல் என்று கெல்சிக்குத் தெரிந்தது. தெரிந்ததும் நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

உள்ளே போய் வேலியைச் சோதிக்கும் யோசனை ஓபலுடையது. மலைக்கு அந்தப்பக்கம் வெகுகாலமாக இந்தக் கலப்பினத்தை வளர்த்து விற்பவள். முதன்முறையாக வளர்ப்பவர்களுக்குக் குட்டி கொடுக்க மிகவும் தயங்குவாள். கெல்சியும் ராய்ஸும் அதுவரை வளர்த்தது ஒரு கற்றாழை, அதுவும் பட்டுப்போயிருந்தது. எட்டடி உயரத்துக்கு வேலி போடுங்கள், மேல்முனையை உள்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள், தோண்டாதபடி மண்ணுக்கடியில் கம்பி விரியுங்கள் என்று அடுக்கிவிட்டு, உங்களில் ஒருவர் உள்ளே போய், மற்றவரைப் பூட்டச் சொல்லி, வெளியேறப் பாருங்கள் என்றாள். உங்களுக்கு அகப்படும் வழி குட்டிக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அகப்பட்டுவிடுமாம்.

முதலில் உள்ளே போன கெல்சி குளிர் தாங்காமல் உடனே திறக்கச் சொல்லி வெளியே வந்துவிட்டாள். அடுத்து உள்ளே போன ராய்ஸ் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்காரன். ஓட்டை தேடுவதுதான் அவன் பிழைப்பு. முதல் மாலை இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவன் ஊளைகூட இட்டுக் காட்டினான். மோசமான ஊளை. அவன் கண்ட ஓட்டையை மறுநாள் அவள் அடைத்தாள். அன்று மாலை அவன் வேறொன்று கண்டான். அவள் அதையும் அடைத்தாள்.

பிறகு அது வழக்கமாயிற்று. அலுவலகத்திலிருந்து வந்ததும் டையைக் கழற்றி வேலிக்கதவில் மாட்டிவிட்டு உள்ளே போவான். அவள் பூட்டுவாள். சமையல் ஆனதும் திறந்துவிடுவாள். மொன்டானாவில் நவம்பர் மாதம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவியபடி கேட்டுக்கொண்டிருப்பாள், உறைந்த புல் நொறுங்கும் சத்தம், ஒவ்வொரு மூலையிலும் ஒரே அளவு நேரம் நிற்பது, தோள் உரச உரச நீளத்துக்கும் மெல்ல அதிரும் கம்பி, அப்புறம் அவன் உள்ளே வரும்போது கூடவே நுழையும் ஈரமண் வாடை, துருவாடை, அதற்கும் அடியில் வெதுவெதுப்பாக இன்னொன்று. ஒரு மாலை பூட்ஸ் சத்தம் மட்டும் நின்றுபோனது. நடை நிற்கவில்லை.

வேலி நன்றாகத்தான் இருக்கிறது, போதும் என்று அவள் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மூலை இருக்கு," என்றான், தட்டைப் பார்க்காமல், அவள் கழுத்தைப் பார்த்து.

குட்டியைக் கொடுப்பதற்கு முன் வேலியைச் சோதிக்க ஓபல் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்று விடுமுறை, ராய்ஸ் மதியமே உள்ளே போயிருந்தான். ஓபல் தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கிப் பாதி முற்றம் நடந்தாள். நின்றாள். பிறகு திரும்பாமல், வேலியைப் பார்த்தபடியே, பின்னுக்கு நடந்து வந்தாள்.

"பொய் சொல்லிட்டியே கண்ணு. வளந்த ஆண் ஓநாய உள்ள வச்சுக்கிட்டு என்கிட்ட குட்டி கேக்குறியே. குட்டியக் கிழிச்சுப் போட்டுடும்."

கெல்சிக்குச் சிரிப்பு வந்தது. அது அவள் புருஷன் என்று சொன்னாள். ஓபல் மறுக்கவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஒரு விரல் அளவு மட்டும் இறக்கினாள்.

"இன்னிக்குத் தீனி வச்சியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பின்விளக்குகள் பைன் மரங்களுக்குள் மறைந்தன.

கெல்சி வேலிக்கதவருகே போனாள். குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் உடம்பில் ஒரு மெல்லிய சட்டை மட்டும். திறக்காவிட்டால் காலையில் அங்கே ஒரு பிணம் கிடக்கும். திறந்தால்... அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை.

"குட்டி தரமாட்டாளாம்," என்றாள்.

"பரவால்ல கெல்." வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே குரல், அதே மரியாதை. "எல்லா வழியும் பாத்துட்டேன். பிரமாதமா அடைச்சிருக்க. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"எது?"

"நீ."

சிரிப்பில்லை. நடையும் நின்றிருந்தது. அவன் நடுங்கவில்லை. தலை தாழ்ந்தது. கைகள் இரண்டும் மண்ணைத் தொட்டன.

காத்திருந்தான்.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கெல்சி குனிந்து பார்த்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. இழுத்துக்கொண்டிருந்தது அவள் கைதான்.