மெய்மணி அடித்தபோது

காதை இறுகப் பொத்திக்கொண்டும் ஜெசிந்தாவுக்குக் கேட்டுவிட்டது.

"நானும் உங்க காலேஜுதாங்க்கா" என்றான் பரோட்டாக் கடைக்காரன், அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து. "கடல்தண்ணிய நல்ல தண்ணியாக்குற பொறிக்குப் பழுது பாக்குற படிப்பு. எங்க செட்டுல ஒருத்தனுக்கும் வேலை கெடைக்கல. பொறிகதான் இப்ப தன்னைத் தானே சரிபண்ணிக்கிடுதே!"

"சொல்லாதீங்க!" என்று கத்தினாள். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஓடி என்ன பயன்? காதுக்குள் போனதை யார் வெளியே எடுப்பது?

ஜெசிந்தா தூத்துக்குடியில் ஒரு தொழிற்கல்லூரியின் சேர்க்கை ஆலோசகர். சேர வரும் பிள்ளைகளிடம் பேசும் எவரும் தொண்டையில் உணர்பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பொய் சொல்கிறவனுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும். நாடி தடுமாறும், தொண்டை இறுகும். பட்டை அதைப் பிடித்தால் மேசைமேல் இருக்கும் மெய்மணி அடிக்கும். ஆலோசகரின் உரிமம் அந்த நிமிடமே ரத்து.

மெய்மணி வந்ததும் ஊரே நிம்மதியானது. வானத்தை வில்லாக வளைத்துக் காட்டிய தரகர்களெல்லாம் காணாமல் போனார்கள். ஆனால் கல்லூரிகள் சும்மா இருக்குமா? பொய் என்று தெரியாமல் சொல்கிறவனுக்குப் பயமில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டன. ஆலோசகர்களை வெளியூரிலிருந்து பார்த்து எடுத்தார்கள். கல்லூரி விடுதியிலேயே தங்க வைத்தார்கள். பட்டறைப் பக்கம் போகக்கூடாது, பழைய மாணவர்களோடு பேசக்கூடாது என்று விதி போட்டார்கள். எல்லாம் தெரிந்த மேலாளர் தனிஸ்லாஸ், மணி இருக்கும் மேசையில் மறந்தும் உட்கார்ந்ததில்லை.

"படிச்சு முடிச்சதும் வேலை உறுதி" என்று ஜெசிந்தாவும் இத்தனை நாள் நல்ல மனதோடுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி ஒருநாளும் அடித்ததில்லை.

பரோட்டாக் கடையிலிருந்து ஓடிவந்த மறுநாள் காலை அவள் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்ணின் பெயர் இசக்கி.

"மீன் கம்பெனியில நிரந்தர வேலை கெடைச்சிருக்குக்கா. மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. எனக்குப் படிக்கத்தான் ஆசை. இங்க கடல்தண்ணிப் பொறிப் படிப்பு படிச்சா வேலை கெடைக்கும்லா?"

ஜெசிந்தாவின் உள்ளங்கை வியர்த்தது. வழக்கமான பதிலைச் சொன்னால் மணி அடித்துவிடும். உண்மையைச் சொன்னால்? கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தனிஸ்லாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகும். விடுதி அறையும் போகும். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை.

ஆனால் உண்மைக்கு மணி அடிக்காது. அந்த ஒன்றையாவது நம்பலாம். இந்தப் பெண் பிழைத்துப் போகட்டும்.

"இங்க சேராத, இசக்கி" என்றாள். குரல் நடுங்கியது. "இந்தப் படிப்புக்கு இப்ப வேலை இல்ல. நீ மீன் கம்பெனிக்கே—"

மணி அடித்தது.

அறை முழுக்க அதிர்ந்தது. ஜெசிந்தா உறைந்துபோனாள். தனிஸ்லாஸை நினைத்து நடுங்கிய நடுக்கத்தைப் பட்டை பிடித்துவிட்டது. எதற்குப் பயம் என்று அதற்குத் தெரியாது. பயம் இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும்.

இசக்கியின் முகம் மாறியது. "பொய் சொல்லுதீங்க!"

"இல்லம்மா, சத்தியமா—"

மணி மறுபடியும் அடித்தது.

"நான் படிக்கக் கூடாது, அதானே? மீன் வெட்டத்தான் லாயக்குன்னு நெனச்சிட்டீங்க!" இசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. விருட்டென்று எழுந்து அடுத்த மேசைக்குப் போனாள்.

அங்கே இருந்தவள் முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பட்டறை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. "வேலை உறுதிம்மா. கவலையே படாத" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

இசக்கி அந்த மேசை மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை.

தனிஸ்லாஸ் நிதானமாக வந்து ஜெசிந்தாவின் தொண்டையிலிருந்து பட்டையை உரித்தார். அவர் திட்டக்கூட இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது.

இசக்கி போனை எடுத்து மீன் கம்பெனியைக் கூப்பிட்டாள். "எனக்கு அந்த வேலை வேண்டாம் சார்" என்று சொல்லி வைத்தாள். பிறகு ஜெசிந்தாவை ஒரு தடவை வெறுப்போடு திரும்பிப் பார்த்துவிட்டு, சேர்க்கைப் பலகையில் கட்டைவிரலை அழுத்தினாள்.

"நல்லவேளை, மணி இருந்துச்சு" என்றாள்.