உள்பக்கத்து மங்கல்

காலை எட்டு மணிக்குள் பிரகாசி, கம்பங்களிலிருந்து ஊரைக் கண்காணிக்கும் தெருவிழிகளில் பதினொன்றை முடித்துவிட்டாள். ஏணியைச் சாய்த்து ஏற வேண்டும். மூடியைக் கழற்றி, கண்ணாடியின் உள்ஈரத்தைத் துணியால் ஒற்றி, ரப்பர் வளையத்தை மாற்றி, மூடி, முத்திரை ஒட்டி இறங்க வேண்டும். ஒரு விழிக்கு நான்கு நிமிடம். நேரம் கூடினால் இலாகா கட்டிவிட்ட மணிக்கட்டுப் பட்டை சுரீரென்று மின்சாரத்தால் கடிக்கும்.

கடலோர ஊர், மார்கழித் தூறல் நின்றபாடில்லை. ஆனால் மழையைக் குற்றம் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. இறுக மூடிய பெட்டிக்குள் ஈரம் தானாகவா வரும்? யாரோ எதையோ மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். அந்த யாரோ, விழிக்கு மிக அருகில் குடியிருப்பவர். மூன்று முறை மங்கினால் அவரைக் கண்ணாடிக் குடியிருப்புக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நான்கு சுவரும் கண்ணாடி. உண்பது, உறங்குவது, அழுவது எல்லாம் ஊருக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய சொந்த அக்கா எமல்டாவின் வாசல் விழி மூன்றாவது முறை மங்கியது. "மாதா மேல சத்தியமா நான் தொடல பிரகாசி" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரகாசி அக்காவை நம்பவில்லை. ரப்பர் வளையத்தை நம்பினாள், ரிப்போர்ட்டும் எழுதினாள்.

பன்னிரண்டாவது விழி, பனங்கிழங்கு அவிக்கும் மச்சாதுவின் வாசலில் இருந்தது. அவருக்கு இது மூன்றாவது மங்கல். கம்பத்துக்கு நேர் கீழே அடுப்பு, அதன்மேல் அண்டா, அதிலிருந்து மஞ்சள் மணத்தோடு ஆவி. பிரகாசி அண்டாவையும் பார்த்தாள், விழியையும் பார்த்தாள்.

"வாங்க ஆபீசரம்மா. எத்தன மணிக்கு என்னைக் கொண்டுபோவாவ? கிழங்க வித்துட்டு வரலாமா?"

"சாயந்தரம் அஞ்சு மணி. எதுக்கு அண்ணாச்சி விழிக்குக் கீழயே அடுப்பு வச்சிய?"

"முப்பது வருசமா அடுப்பு இங்கனதான் இருக்கு. விழிதான் என் அடுப்பைத் தேடி வந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பவர்கள்மேல் அவளுக்கு எப்போதும் சந்தேகம்தான்.

"உங்க முத்திரை கிழிஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப என் ஆவி எந்த வழியா உள்ள போச்சு? விடியக்காலக் குளிருலதான இது மங்குது? உள்ள இருக்க காத்துலதான் ஏதோ இருக்கு. கடலுக்குப் போன காலத்து ஐஸ்பெட்டி உள்ள கெடக்கு, ஐஸ் போட்டு வச்சிருக்கேன், விடியக்காலக் குளிரு பூரா அதுக்குள்ள இருக்கு. நீங்களே மூடி, நீங்களே வச்சுப் பாருங்க."

இதிலும் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று நினைத்தாள். அதனால் பெட்டியை அவளே தேடி எடுத்தாள், ஐஸைத் தட்டிப் பார்த்தாள், அவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். விழியைக் கழற்றி, வழக்கம்போல் தூறலுக்கிடையே ஒற்றி, மூடி, ஐஸில் வைத்தாள். பத்து நிமிடம் கழித்து எடுத்தாள். வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். மங்கல் போகவில்லை. அது உள்ளே இருந்தது.

பட்டை கடித்தது. பொருட்படுத்தவில்லை. வண்டியின் அடியில் பிரிக்காமலே கிடந்த வெங்காற்று ஊதியை எடுத்து, வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அரை மணி நேரம் விழியின் உள்ளே ஊதினாள். சூடு ஆறுமுன் புது ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றை வைத்து மூடினாள். மறுபடி ஐஸ். மறுபடி துடைத்துப் பார்த்தாள்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

பட்டை ஏழெட்டு முறை கடித்து மணிக்கட்டு சிவந்திருந்தது. நான்கு நிமிடத்தில் மூடும்போதெல்லாம் தூறல் காற்றையும் சேர்த்துத்தான் மூடியிருக்கிறாள். அவள் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டால் இதுவரை நாற்பத்தோரு குடும்பங்கள் கண்ணாடிக்குள் போயிருக்கின்றன.

"என்ன தாயி, மங்கல் போயிட்டா?"

"போயிட்டு அண்ணாச்சி. கிழங்கு வெந்துட்டா பாருங்க."

வண்டியிலிருந்த மின் ரிப்போர்ட் பலகையில் எப்போதும் ஒரே கேள்விதான்: 'மறைத்த கை யாருடையது?' பிரகாசி தன் பெயரை எழுதினாள். கீழே, நாற்பத்தொன்றும் அப்படியே என்று சேர்த்தாள். பலகை யோசிக்கக்கூட இல்லை, உடனே தீர்ப்பைக் காட்டியது. மச்சாது விடுவிக்கப்பட்டார். பழைய கோப்புகள் முடிந்தவை, திறக்கப்படமாட்டா. பிரகாசி, இருப்பிட மாற்றம், மாலை ஐந்து மணி.

மச்சாது வாழையிலையில் சூடாக நாலு கிழங்கு சுற்றிக் கொடுத்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே கண்ணாடிக் குடியிருப்புக்குள் நுழைந்தாள். சொந்தபந்தங்களை அடுத்தடுத்து வைப்பது அங்கே வழக்கம், ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? சுவருக்கு அந்தப் பக்கம் எமல்டா துணியும் கையுமாக நின்றிருந்தாள். அங்கே மூச்சுவிட்டாலே கண்ணாடி மங்கும். மங்க விடுவது குற்றம். ஆகவே எல்லாரும் நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

பிரகாசி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அக்கா, நீ தொடல. நான்தான் ஈரத்த வச்சு மூடிட்டேன்."

எமல்டாவுக்குக் கேட்டது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள், கக்கத்திலிருந்த இலைப் பொட்டலத்தையும் பார்த்தாள். பிறகு துணியை நான்காக மடித்துக் கீழே வைத்தாள். கண்ணாடிக்கு வெகு அருகே வந்து, வாய் திறந்து, நிதானமாக மூச்சை ஊதினாள். மறுபடியும் ஊதினாள். எமல்டாவின் கன்னம் மறைந்தது, நெற்றி மறைந்தது, கடைசியாகக் கண் மறைந்தது. செய்யாத குற்றத்துக்காக இரண்டு வருஷம் இருந்தவள், இன்றுதான் அதை முதன்முதலாகச் செய்தாள்.

எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. பிரகாசி முந்தானையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். மங்கல் அந்தப் பக்கம் இருந்தது.