சமையல்கட்டுக்குப் பூட்டு

'டக்!'

கழிவறைக்குள் இருந்த காவேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூட்டு விழுகிற சத்தம்! அவசரமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். சமையலறைக் கதவில் கனமான ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. மாமியார் கங்கம்மா சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்தே இது?"

"பாத்தா தெர்ல? பூட்டு."

"எதுக்கு?"

"போன தபா மாதிரி ஆவக் கூடாதில்ல, அதுக்கு! பேதி மருந்து குடிச்சிக்கினே இன்னொரு பக்கம் பிரியாணியும் துன்னுட்டு, டாக்டர் முன்னாடி என் புள்ளைய தலகுனிய வெச்சியே… அதுக்கு!"

காவேரியும் எத்தனை முறைதான் இல்லை என்று சொல்வாள்?

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். நெஞ்சில் சளி கோந்தாக உறையும். செரிமான மாத்திரை இல்லாமல் ஒரு கவளமும் உடம்பில் ஒட்டாது. காசம் என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள். உண்மைப் பெயர் தெரிந்ததே இரண்டு வருடம் முன்புதான். இந்த நோய்க்காரர்களுக்குக் குடலில் புற்று சீக்கிரமே வரக்கூடும், நாற்பதைத் தாண்டினால் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார்கள்.

போன மாதம் அதற்குத்தான் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொடுத்த மருந்தைச் சொட்டு விடாமல் குடித்தாள். அன்று பார்த்து கங்கம்மாவின் தம்பி வீட்டு விசேஷம். டிபன் கேரியர் நிறைய பிரியாணி வந்து இறங்கியது. மறுநாள் அந்த ஆஸ்பத்திரி டாக்டர், "குடல் சுத்தமாகவே இல்லையே… ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார். அந்த ஒரு கேள்வி போதாதா? கங்கம்மா வியாபாரம் செய்யும் லூப் ரோடு மீன் கடைகளில் இரண்டு நாளைக்கு அதே பேச்சு!

"இந்த டாக்டரம்மா நேத்தும் இன்னிக்குமா ரெண்டு நாள் மருந்து குடிக்கச் சொல்லியிருக்காங்க அத்தே. என் உடம்புக்கு அப்டித்தான்…"

"ஊரு சனத்துக்கெல்லாம் ஒரு நாளு, மகாராணிக்கு ரெண்டு நாளா? உன் வாய நம்பாமத்தான் ரெண்டு நாள் சொல்லிக்கீறாங்க!"

காவேரி கணவனைப் பார்த்தாள். தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டும் வைரவன், காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி தரையைப் பார்த்தான்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே காவேரி… பூட்டினா இன்னா? நீதான் சாப்பிடப் போறதில்லையே…"

மாமியார் குத்தியது வலித்தது. இது… உள்ளே இறங்கியது. இவருமா!

"அது இல்லங்க, உள்ள என்னோட உப்புச் சர்க்கரை பொட்டலம், எளநீ எல்லாம்…"

"பாத்தியாடா! நான் இன்னும் படி எறங்கல, அதுக்குள்ள சாவி கேக்குறா!"

மீன் கூடையோடு கங்கம்மா இறங்கிப் போனாள். பின்னாலேயே வைரவனும்.

பட்டினப்பாக்கத்து வெயில் ஜன்னல் வழியே அறைந்தது. மின்விசிறி அனல் காற்றைத் தள்ளியது. காவேரி மருந்தைக் குடித்தாள், ஓடினாள், மறுபடி குடித்தாள். தாகத்துக்குக் குடத்தில் இருந்த பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தாள். மதியத்துக்குள் கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. கை போனைத் தேடி எடுத்தது. அத்தைக்குச் சொல்லலாமா? சொன்னால்? 'சோறு துன்னத்தான் சாவி கேக்குறா…'

போனைக் கீழே வைத்தாள். வேண்டாம். இன்றைக்கு உயிரே போனாலும் சாவி கேட்பதில்லை!

மீன் தீர்ந்து திரும்பிய கங்கம்மா பார்த்தது, சமையலறைக் கதவடியில் சுருண்டு கிடந்த மருமகளை.

"அடிப்பாவி, பூட்ட ஒடைக்கப் பாத்தியா?" என்று கத்திக்கொண்டே தோளைத் திருப்பியவள் கூடையைக் கீழே போட்டாள். காவேரியின் உதடு வெளுத்திருந்தது. கண் செருகியிருந்தது.

"ஐயோ… காவேரி! இந்தாம்மே, கண்ணத் தொறடி! யாராவது ஒரு ஆட்டோ புடிங்களேன்!"

ஆஸ்பத்திரியில், இரண்டு நாள் மருந்து சொல்லியிருந்த டாக்டர் சிம்ரா சலைன் ஏற்றிவிட்டுத்தான் பேசினார்.

"உப்புச் சர்க்கரைத் தண்ணி ஏன் குடிக்கல? வெறும் தண்ணி இவங்களுக்குப் பத்தாதும்மா. இந்த நோய்ல வேர்வையில பல மடங்கு உப்பு வெளிய போயிடும். போதாததுக்குப் பேதி வேற…"

கங்கம்மாவின் கை தானாக இடுப்புச் சுருக்குப்பையை மூடிக்கொண்டது.

"நல்லவேளை, சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்க. இங்கேயே படுக்கட்டும். மிச்ச மருந்தை நாங்க பக்கத்துல இருந்தே குடுக்கறோம்."

கங்கம்மா கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். டம்ளர் டம்ளராக மருந்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனதும் அவள்தான். காவேரி வாயில் ஒரு பருக்கை போகவில்லை. நர்ஸ் வந்து கழிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் தெளியல. கலங்கலாத்தான் இருக்கு."

"எப்டிம்மா?" கங்கம்மா விருட்டென்று எழுந்தாள். "நான் இங்கியே குந்திக்கினுகீறேன்! ஒண்ணியும் துன்னலியே இவ!"

"சாப்பிட்டாத்தானா பாட்டி? இவங்களுக்குக் குடல்லயும் சளி பசை மாதிரி ஒட்டியிருக்கும். மத்தவங்க அளவு மருந்துக்கு அசையாது. அது தெரியாம குடுத்தா, சோதனை பாதியில நின்னுடும்."

கங்கம்மா மெல்ல உட்கார்ந்தாள். அடுத்த டம்ளர் மருந்தை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். பாலவாக்கத்திலிருந்து மகள் சுப்பம்மா போன் செய்தாள்.

"இன்னாம்மா, உன் மருமவ இந்த தபாவாச்சும் வாயக் கட்டினாளா?"

"நீ மொதல்ல உன் வாயக் கட்டுடி! போன தபாவும் அவ துன்னல. நாந்தான் ஊரெல்லாம் பழி போட்டுட்டேன். போய்ச் சொல்லு, எல்லார் கிட்டயும் சொல்லு!"

கண்மூடிப் படுத்திருந்த காவேரியின் இமையோரம் நனைந்தது.

மறுநாள் காலை சோதனை முடிந்தது. வைரவன் சட்டை நுனியைக் கசக்கியபடி நின்றான். வெளியே வந்த சிம்ரா சிரித்தார்.

"பளிச்சுன்னு இருந்தது. முழுசா பாத்துட்டோம். கட்டி, புண் எதுவும் இல்லை. இனி அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா போதும்."

வைரவன் கட்டிலருகே ஓடி மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டான். "என்னை மன்னிச்சிடு காவேரி… நானும் உன்னை சந்தேகப்பட்டுட்டேனே!"

"போதும், எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க…" மயக்கம் தெளியாத குரலில் அவள் சிரித்தாள். "பசிக்குதுங்க."

"இட்லி வாங்கியாடா! அவ மாத்திரையும் எடு, மறந்துடாத!" என்று மகனைத் துரத்தினாள் கங்கம்மா. பிறகு தயங்கித் தயங்கி அருகே வந்தாள். சட்டென்று குனிந்து மருமகளை மார்போடு அணைத்து, வியர்த்திருந்த நெற்றியில் அழுத்தி முத்தமிட்டாள்.

நிமிர்ந்தவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். நாக்கில் மருமகளின் வேர்வை கடல் தண்ணீராய் உப்பு கரித்தது.

"நீ நம்ம வூட்டுக்கு வந்து இருவது வருஷமாச்சு… ஒரே ஒரு தபா உனக்கு முத்தம் குடுத்திருந்தா, உன் நோவு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்டி!"