பேர் கேட்ட சுவர்

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டி நின்ற அந்தத் தனியார் மருத்துவமனைக்கு முத்திருளன் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. 2007, சித்திரை மாதம். பழைய கட்டடம். வாசல் தாண்டியதுமே பினாயில் வாடையும், அதற்கு அடியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு கருகல் வாடையும் மூக்கில் ஏறின.

அவன் மனைவி முனீஸ்வரி அங்கே மாடி வார்டில் நர்ஸ். கல்யாணமாகி ஒரு வருடம். நிர்வாகத்திடம் பேசி, கம்ப்யூட்டர்களை இணைத்துப் பாதுகாக்கும் இந்த நெட்வொர்க் வேலையை அவனுக்கு வாங்கித் தந்தவளே அவள்தான்.

மேனேஜர் துளசிராம் விஷயத்தைச் சொன்னார். "எவனோ ஒருத்தன் நோயாளியப் பாக்க வந்த மாதிரி வந்து, சுவத்துல இருக்க நெட்வொர்க் பாயிண்ட்ல லேப்டாப்பச் சொருகி, நோயாளிக விவரம் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான் தம்பி. இனிமே நம்ம ஆளுகளத் தவிர எவனும் நுழையக் கூடாது."

"நுழைய முடியாது சார். எந்தப் பாயிண்ட்ல சொருகுனாலும் யாருன்னு கேக்கும். பேரும் பாஸ்வேர்டும் சரியாச் சொன்னாத்தான் வழி விடும். இல்லன்னா அது வெறும் சுவருதான்."

சர்வர் ரூம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் இல்லை. எல்லா கேபிள்களும் வந்து சேரும் பெட்டியில் வரிசையாகச் சின்ன விளக்குகள். யாரென்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மஞ்சள். ஆளை ஏற்றுக்கொண்டால் பச்சை. அவன் ஊழியர்களின் பேர்களைப் பதிந்து முடித்ததும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. ஒன்று மட்டும் மஞ்சளாகவே துடித்தது.

அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனான். நடைகூடத்தின் கோடியில் அது ஒரு சுவருக்குள் நுழைந்தது. வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். மறுமுனையில் ஒரு மெஷின் ஓடினால்தான் விளக்கு எரியும்.

"அத விட்ருங்க தம்பி," என்றார் துளசிராம். அவன் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்துவிட்டார்.

மதியம் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது முனீஸ்வரியிடம் கேட்டான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அதுதான் பழைய மருந்து ஸ்டோரு. செல்லத்தாயின்னு ஒரு பிள்ள வேல பாத்துச்சு. மருந்து களவு போகுதுன்னு வெளிய பூட்டித்தான் வைப்பாகளாம். உள்ள தீப்பிடிச்சிருச்சு. கதவத் தட்டிருக்கா. சாவி மேனேஜர் கைல. யாருன்னு கேட்டிருக்காரு. பேரச் சொல்லிருக்கா. புகையில கொரலு மாறிப்போச்சு. களவாணிப் பயலுக உள்ள பூந்துக்கிட்டு ஆள் பேரச் சொல்லி ஏமாத்துறாங்கன்னு தொறக்கவே இல்ல."

முத்திருளன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். "வெறும் பேர மட்டும் சொன்னா எப்படி நம்புறது? அதுக்குத்தான் பாஸ்வேர்டு வேணுங்குறது."

"புகைக்குள்ள நின்னுக்கிட்டு பாஸ்வேர்டு சொல்லுவாங்களா மாமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சர்வர் ரூமுக்குத் திரும்பி வந்தபோது அந்த விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. திரையில் பேர் இருந்தது. செல்லத்தாய்.

அப்படி ஒரு பேரை அவன் பதியவே இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று எரிச்சலோடு அந்த வழியை மூடினான். விளக்கு அணைந்தது. மறுபடி மஞ்சளாய்த் துடித்தது. யார்? யார்? யார்?

பச்சை.

முனீஸ்வரி.

இன்டர்காம் அடித்தது. "மாமா, கம்ப்யூட்டரு என் பேர ஏத்துக்க மாட்டேங்குது. நான் ஏற்கனவே உள்ள இருக்கேனாம்."

"நீ கீழ வா," என்றான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"தொறங்க."

கரகரத்த குரல். ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. கதவிடுக்கு வழியாகப் புகை வாடை வந்தது. அவன் கை தாழ்ப்பாள் வரை போய் நின்றது.

"யாரு?"

"நாந்தான்... முனீஸ்..." மிச்சம் இருமலில் போனது.

பின்னால் இன்டர்காம் அடித்தது. எடுத்தான். தெளிந்த, பழகிய குரல். "மாமா, நான் இன்னும் மாடியவிட்டு எறங்கவே இல்ல. அங்க யாரு தட்டுறது? தொறக்காதீங்க."

போனையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். "நேத்து ராத்திரி நம்ம என்ன சாப்பிட்டோம்?"

"கேப்பக்களியும் கருவாட்டுக் குழம்பும்," என்றது போன், யோசிக்காமல். "உப்புக் கூடிப்போச்சுன்னு வஞ்சீங்களே."

கதவுக்கு வெளியே இருமல் மட்டும். களி என்பது போல ஒரு ஓசை, பாதியில் அறுந்தது.

அவன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான்.

கதவை உள்ளங்கையால் அடிக்கும் சத்தம் இறங்கி இறங்கித் தரைக்கு வந்தது. பிறகு நகங்கள் பலகையைப் பிறாண்டின.

பிறகு அதுவும் இல்லை.

"இப்பத் தொறங்க," என்றது போன்.

திறந்தான். நடைகூடத்தில் தீ இல்லை, புகை இல்லை. தரையில் வெயில் கிடந்தது. வெயிலில் முனீஸ்வரி கிடந்தாள். நாசித் துவாரங்களில் கரி அப்பியிருந்தது. வலது கை நகங்கள் பெயர்ந்திருந்தன.

ஓடிவந்தவர்களில் துளசிராமும் இருந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, அவன் காதருகே வந்து மெல்லக் கேட்டார்.

"நீங்களும் தொறக்கலையா தம்பி?"

மூச்சுத்திணறல் என்று எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவமனை அவன் போட்ட எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டது. கருமாதி முடிந்தும் முத்திருளன் எந்த வேலைக்கும் போகவில்லை. பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் உட்கார்ந்திருப்பான். யாராவது பேர் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

ஒருநாள் உச்சிவெயிலில் பழங்காநத்தம் வீட்டுக்குத் திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. தட்டினான். திடீரென்று தொண்டை காந்தியது. இருமல் வந்தது.

"யாரது?" என்றாள் உள்ளேயிருந்து அவன் அம்மா ஒச்சாயி.

"நாந்தாம்மா. முத்திருளன்." குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

ஜன்னல் கதவு விரலளவு திறந்தது. அம்மாவின் கண் அவனை மேலும் கீழும் பார்த்தது. அதில் அவனை அடையாளம் தெரிந்த சாயலே இல்லை.

உள்ளே யாரோ தட்டை நகர்த்தும் சத்தம். பிறகு அவனுடைய குரல், தெளிவாக, சோற்றை மென்றுகொண்டே கேட்டது:

"யாரும்மா அது?"

"தெரியலப்பா," என்றாள் அம்மா, ஜன்னலை அடைத்துக்கொண்டே. "ஓம் பேரச் சொல்லுது."