குட்டியின் குரல்

அதன் மேல் உட்கார்ந்தது அவன்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. ஜீப்பின் பின்சீட்டில் சாக்குக்குள் கிடந்த ஓநாய்க்குட்டியைத் திண்டு என்று நினைத்துவிட்டான். வழியெல்லாம் ஏதோ கீச்சிட்டது. சீட்டு ஸ்பிரிங் என்று நினைத்தான். வீட்டில் சாக்கை அவிழ்த்தபோது குட்டிக்கு மூச்சில்லை.

மனைவியின் அண்ணன் ஓநாய் சுடுபவர். அவர் முறை எளிது. வளையிலிருந்து குட்டியை எடுத்துவந்து ஆட்டுப்பட்டியில் கட்டுவார். அது கத்தும். தாய் வரும். சுடுவார்.

"இப்ப யாரு மாப்ள கத்துறது? உங்கப்பனா?"

"நான் கத்துறேன் மச்சான்."

கல்யாண வீடுகளில் சேவல், பூனை, மாமியார் என்று சகல ஜீவராசிகளின் குரலிலும் பேசிக் கைதட்டு வாங்கியவன் அவன்.

"அந்த வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய்கூடச் சீந்தாது."

மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். முன்னறைத் தொட்டிலில் எட்டு மாத மகன் தூங்கினான். புழுக்கத்துக்காக வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் பட்டிக்குள் போய்க் குந்தினான். மச்சான் மொட்டைமாடியில் துப்பாக்கியோடு படுத்துக்கொண்டார்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டுப்புழுக்கை நெடியும் ஈரக் கம்பளி வாடையும் தொண்டையை அடைக்க, ஜீப்பில் தனக்கடியில் கேட்ட அந்தக் கீச்சொலியை நினைவிலிருந்து இழுத்து, இழுத்து, அப்படியே கத்தினான். வேடிக்கையாகத்தான் தொடங்கினான். மூன்றாம் தரம் கத்தும்போது அவனுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தின.

புதருக்குள்ளிருந்து தாழ்ந்த முனகல் ஒன்று. கெஞ்சுவதுபோல.

"வந்துட்டா," மேலிருந்து மச்சானின் கிசுகிசுப்பு. "இன்னொரு தரம்."

கத்தினான். முனகல் நின்றது. சருகு நசுங்கும் சத்தம் பட்டியைச் சுற்றி, சுவரோரமாக, வீட்டின் முன்பக்கம் போனது.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு தொட்டில் கொக்கி கிறீச்சிட்டது.

ஓடினான். நிலைப்படியில் இடித்துக்கொண்டான். வெறும் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. துணியில் கதகதப்பு. கை வைத்தான். ஈரம். விளக்கைப் போட மனம் வரவில்லை.

வாசலுக்கு அப்பால், வயலுக்குள், மகன் அழுதான்.

"டேய் கண்ணா! அப்பா வந்துட்டேன்டா!"

படி இறங்கியவனை, மாடியிலிருந்து ஓடிவந்த மச்சான் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்.

"விடுங்க மச்சான்! உயிரோட இருக்கான்! அழுறான்ல, கேக்கல?"

மறுபடி அழுகை. கொஞ்சம் கிட்டத்தில். அதே நீளம். அதே இடத்தில் அதே விக்கல். இடைவெளி விட்டு, மறுபடி. வேலியோரம் தரைக்குச் சற்று மேலே இரண்டு பச்சை ஒளிகள். அவற்றுக்குக் கீழிருந்துதான் அழுகை வந்தது.

மச்சானின் துப்பாக்கி மாடியிலேயே கிடந்தது.

"அவன்தானே மச்சான்? சொல்லுங்க. உயிரோடதானே இருக்கான்?"

மச்சான் பிடியை விடவில்லை.

"இல்ல மாப்ள. நீ கத்துனியே, அந்தக் குட்டி உயிரோடயா இருந்துச்சு?"